இரவு டயப்பர் போட்டும் மெத்தை நனைகிறதா? முதலில் ஈரம் எங்கே என்று பாருங்கள்

பெரிய பிள்ளைக்கு இரவில் பேன்ட் டயப்பர் போட்டும் காலையில் மெத்தை ஈரமாக இருந்தால், கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணா, இதைவிடப் பெரிய சைஸ் இருக்கா?" என்பதுதான். குன்னூரில் மெடிக்கல் கவுன்டரில் நிற்கிறவன் நான். பெரிய சைஸை எடுத்துக் கொடுத்தால் எனக்கு வியாபாரம்தான். ஆனால் பலருக்கு அதனால் ஒழுகல் கூடத்தான் செய்யும். டயப்பருக்குள் இருக்கும் சரக்கு மாறிவிட்டது. நம் பழக்கம் இன்னும் மாறவில்லை.

என்ன மாறியது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய டயப்பர் என்றால் தடித்த மரக்கூழ்ப் பஞ்சு. உறிஞ்சும் ஜெல் தூள் 1980-களில் உள்ளே வந்தது. சிறு குழந்தை தாண்டிய பிள்ளைகளுக்கென்று தனி இரவு உள்ளாடையை அமெரிக்காவில் கிம்பர்லி-கிளார்க் 1994-இல் 'குட்நைட்ஸ்' என்ற பெயரில் இறக்கியது. பிற்பாடு பஞ்சைக் குறைத்து ஜெல்லைக் கூட்டி, ஜட்டி போல மெல்லிதாக்கிக்கொண்டே வந்தார்கள். மெல்லிதானால் பிள்ளைக்குக் கூச்சம் இல்லை, லாரியிலும் அதிகப் பாக்கெட் ஏறும். ஆனால் பஞ்சு ஈரத்தை உடனே வாங்கிக்கொள்ளும், ஜெல்லுக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். பிடிக்கும் அளவு குறையவில்லை. உள்ளே இழுக்கும் வேகமும், உடம்போடு ஒட்டி நிற்பதும், மேலே அழுத்தம் இல்லாமல் இருப்பதும்தான் இப்போது முக்கியம். கீழே வரும் பாதிப் பிரச்சினைகளுக்குக் காரணம் இந்த மூன்றில் ஒன்றுதான்.

தொடங்கும் முன் ஒரு தராசு

சமையலறைத் தராசு இருந்தால் போதும். புது டயப்பர் ஒன்றை எடை போட்டுக் குறித்து வையுங்கள். காலையில் கழற்றியதை ஒரு கவரில் போட்டு மறுபடி எடை பாருங்கள். கூடிய ஒவ்வொரு கிராமுக்கும் ஏறக்குறைய ஒரு மில்லி என்று கணக்கு. வயதோடு ஒன்றைக் கூட்டி 30-ஆல் பெருக்கினால் அந்த வயதுப் பிள்ளையின் சிறுநீர்ப்பை சுமாராக எவ்வளவு பிடிக்கும் என்று தெரியும். எட்டு வயதுக்கு 270 மில்லி. கனம் கொஞ்சம்தான் கூடியிருக்கிறது, மெத்தை நனைந்திருக்கிறது என்றால் கோளாறு அளவில் இல்லை. போட்ட விதத்திலோ வடிவத்திலோ இருக்கிறது. டயப்பர் ஈயக்குண்டு மாதிரி கனத்து ஒழுகினால் அது வேறு கதை.

டயப்பர் கனமில்லை, தொடை ஓரம் மட்டும் நனைகிறது

அடிக்கடி வரும் புகார் இது. கால் துளையில் இரண்டு ஓரங்கள் இருக்கும். வெளியே தெரிகிற எலாஸ்டிக் சுருக்கம் ஒன்று. அதற்கு உள்ளே, செங்குத்தாக நிற்க வேண்டிய மெல்லிய மடிப்பு இன்னொன்று. உள்மடிப்புதான் அணை. டயப்பரை ஏற்றும்போது அது உள்பக்கமாக மடங்கிப் படுத்துவிட்டால் அணை இல்லை. போட்டு முடித்த பிறகு விரலைத் தொடை ஓரமாக முன்னிருந்து பின்னுக்கு ஒரு முறை ஓட்டி, மடிப்பை எழுப்பி விடுங்கள். பெரிய பிள்ளை என்றால் அவர்களே செய்யக் கற்றுக்கொடுங்கள். அந்த இடத்தில் நம் கை படுவது அவர்களுக்குப் பிடிக்காது.

மடிப்பு சரியாக நின்றும் ஒழுகினால் கால் துளை பெரிது. நம் ஊரில் இது பெரிய சங்கடம். குழந்தை டயப்பர் எக்ஸ்எக்ஸ்எல், அதற்கு மேல் ஒன்று என்று போய் நிற்கும். அடுத்து நேராகப் பெரியவர்களின் ஸ்மால். இரண்டுக்கும் நடுவே ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைக்கு அளவாக ஒன்று கடையில் கிடைப்பது அபூர்வம். குழந்தைப் பாக்கெட்டில் எடை போட்டிருக்கும், பெரியவர் பாக்கெட்டில் இடுப்பளவு போட்டிருக்கும். ஒன்றை வைத்து இன்னொன்றைக் கணிக்க முடியாது. இடுப்பையும் தொடையையும் நாடாவால் அளந்துகொண்டு வாருங்கள். ஒல்லியான பிள்ளைக்குப் பெரியவர் சைஸ்தான் வழி என்றால், மேலே ஒரு இறுக்கமான பருத்தி ஜட்டி போடுங்கள். துளையின் தளர்ச்சி அடங்கும், டயப்பரும் தொங்காது.

டயப்பர் பாதிதான் நனைந்திருக்கிறது, பனியன் மார்பு வரை ஈரம்

நூல் பிடித்துப் பார்த்தால் குற்றவாளி பனியன்தான். குளிர் ஏறாமல் இருக்கட்டும் என்று பனியனின் அடியை டயப்பருக்குள் சொருகி விடுவது மலையில் எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். பருத்தித் துணியின் நுனி ஈரத்தைத் தொட்டால் போதும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல ஏறிவிடும். டயப்பருக்குள் எதையும் சொருகக் கூடாது, குளிருக்குப் போடும் தெர்மல் உள்ளாடையும் சேர்த்துத்தான். டயப்பரின் இடுப்பு ஓரம் முழுக்க வெளியே தெரிய வேண்டும். அதற்கு மேல் பனியனைத் தொங்க விட்டு, பேன்ட்டை அதன்மேல் ஏற்றுங்கள்.

தெர்மலோடு இன்னொரு தொல்லை. இறுக்கமான தெர்மல், அதன்மேல் கம்பளி பேன்ட், அதன்மேல் இரண்டு ரஜாய் (பஞ்சு அடைத்த தடித்த போர்வை) என்று அடுக்கினால் டயப்பர் நசுங்குகிறது. அழுத்தத்தில் ஜெல் உப்ப இடம் இல்லை, ஈரத்தைப் பரப்பிவிடும் நடுப்படலமும் தட்டையாகிவிடுகிறது. உள்ளே போக வேண்டியது பக்கவாட்டில் ஓடுகிறது. சூட்டுக்கு ரஜாய் இருக்கட்டும், ஆனால் இடுப்புக்குக் கீழே தளர்வான பைஜாமா போதும்.

முன்பக்கம் மட்டும், அல்லது பின்பக்கம் மட்டும்

வெளிநாட்டில் சில கம்பெனிகள் ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் தனித்தனியாகச் செய்கின்றன. பையனுக்கு உறிஞ்சும் பகுதி முன்னால் கனமாக இருக்கும், பெண்ணுக்கு நடுவில். இங்கே நம் கைக்கு வருவது பெரும்பாலும் பொது வடிவம். குப்புறப் படுக்கும் பையனுக்கு வயிற்றுப் பக்கம் ஒழுகினால், ஏற்றும்போது முன்பக்கத்தைச் சற்று உயர்த்தியே போடுங்கள்; உறுப்பு கீழ்நோக்கி இருக்கட்டும். இது சின்ன விஷயம், சொல்லக் கூச்சம், ஆனால் குப்புறப் படுக்கிற பையன்கள் வீட்டில் இதுவே தீர்வு. பெண் பிள்ளைக்குப் பின்பக்கம் ஒழுகினால் பின்பாகத்தை ஏற்றிப் போட்டுப் பாருங்கள்.

ஒழுகிய மாதிரி தெரியவில்லை, ஆனால் வெளியே சில்லென்று ஈரம்

சமவெளிக்காரர்கள் இதை அவ்வளவாகச் சொல்ல மாட்டார்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் டிசம்பர், ஜனவரியில் கேட்பேன்.

டயப்பரின் வெளித்தாள் ஒரு காலத்தில் முழு பிளாஸ்டிக். சரசரவென்று சத்தம் போடும், காற்றும் போகாது, தோல் வெந்துவிடும். இப்போது பாலித்தீனில் கால்சியம் கார்பனேட் தூளைக் கலந்து, மெல்லிய தாளாக்கி இழுக்கிறார்கள். இழுக்கும்போது ஒவ்வொரு தூளைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத துளை விழுகிறது. அந்தத் துளை வழியே தண்ணீர் வராது, நீராவி மட்டும் வரும். மேலே துணி போன்ற ஒரு விரிப்பு. தோலுக்கு இது நல்ல மாற்றம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தலைக்குந்தாவில் புல்லில் உறைபனி பூக்கிற இரவில் உங்கள் ரப்பர் ஷீட் எப்படி இருக்கும்? பிள்ளையின் சூட்டில் ஈர டயப்பரிலிருந்து கிளம்பும் ஆவி, குளிர்ந்த ஷீட்டில் பட்டதும் தண்ணீராகிறது. காலையில் ஷீட்டின் மேல் மெல்லிய ஈரப் படலம், டயப்பரின் வெளிப்புறமும் பிசுபிசுப்பு. அம்மா "ஒழுகிடுச்சு" என்பார்.

சோதித்துப் பார்க்க வழி உண்டு. வெள்ளை டிஷ்யூ பேப்பரை அந்த ஈரத்தில் ஒற்றி எடுங்கள். மஞ்சள் கறையும் வாடையும் இருந்தால் ஒழுகல். நிறமும் வாடையும் இல்லாத ஈரம் என்றால் ஆவி. ஆவி என்றால் டயப்பரை மாற்ற வேண்டாம், படுக்கையை மாற்றுங்கள்: பிள்ளைக்கும் ரப்பர் ஷீட்டுக்கும் நடுவே பழைய வேட்டியை நாலாக மடித்துப் போடுங்கள், அல்லது தடித்த துண்டு. டயப்பருக்கு மேலே பிளாஸ்டிக் ஜட்டி போட்டு அடைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அது ஆவியை உள்ளேயே நிறுத்தி, நல்ல மாற்றத்தைக் கெடுத்துப் பழைய டயப்பராக்கிவிடும். ஒரே வாரத்தில் தோல் சிவக்கும்.

கனத்துத் தொங்கி, எல்லாப் பக்கமும் ஒழுகுகிறது

இதுதான் உண்மையான அளவுப் பிரச்சினை. குளிரில் வியர்வை குறைகிறது, தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, சிறுநீரகம் அதிகத் தண்ணீரை வெளியேற்றுகிறது. கீழே மேட்டுப்பாளையத்தில் பாட்டி வீட்டில் தாங்கிய டயப்பர் இங்கே வந்து ஒழுகினால் ஆச்சரியம் இல்லை. அப்புறம் டீ. தோட்டத்து ஊரில் பிள்ளைகளும் சாயங்காலம் டீ குடிக்கிறார்கள். அதை நிறுத்துங்கள். தண்ணீரை நிறுத்த வேண்டாம். பகலில் நன்றாகக் குடிக்கட்டும், படுக்கும் முன் இரண்டு மணி நேரம் குறைத்தால் போதும். வெளியே காட்டெருமை நிற்கும் என்று பயந்து, தனியாக இருக்கும் கழிவறைக்குப் போகாமல் படுத்துவிடும் பிள்ளைகளும் உண்டு. படுக்கும் முன் யாராவது டார்ச்சோடு கூடப் போங்கள்.

உள்ளே கூடுதல் பேட் வைப்பவர்கள் கவனிக்க: மாதவிடாய் நாப்கினை வைக்காதீர்கள். அதன் அடியில் பிளாஸ்டிக் தாள் இருக்கிறது. நாப்கின் நிறைந்ததும் ஈரம் கீழே இறங்க வழியில்லாமல் பக்கவாட்டில் வழிந்துவிடும். அடியில் டயப்பர் காய்ந்தே இருக்கும். இரண்டுக்கும் காசு கொடுத்து ஒன்றும் வேலை செய்யாது. அடித்தாள் இல்லாத இன்சர்ட் பேட் கிடைத்தால் வையுங்கள், இல்லாவிட்டால் வெள்ளைப் பருத்தித் துணியை மடித்து வையுங்கள்.

அதே கம்பெனி, அதே சைஸ், புதுப் பாக்கெட்டிலிருந்து ஒழுகுகிறது

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து வரும் ஒரு அக்கா பழைய பாக்கெட்டில் மிச்சமிருந்த ஒன்றையும் புதிதில் ஒன்றையும் பையில் போட்டு எடுத்து வந்து கவுன்டரில் வைத்தார். "தம்பி, ரெண்டும் ஒண்ணுதானே? அப்ப ஏன் இது மட்டும் ஒழுகுது?" பார்த்தால் அட்டைப்படம் ஒன்று, விலை ஒன்று. மேஜையில் நீட்டி வைத்தால் புதிது விரலளவு குட்டை. உள்மடிப்பின் எலாஸ்டிக் முன்பு இரண்டு இழை, இதில் ஒன்று. பாக்கெட்டின் மூலையில் சின்னதாக 'புதியது' என்று ஒரு முத்திரை. மாற்றத்தைக் கம்பெனி மறைக்கவில்லை, ஆனால் கூவிச் சொல்லவும் இல்லை.

சந்தேகம் வந்தால் நீங்களும் அப்படி ஒப்பிடலாம். நீளம், உலர்ந்த எடை, உள்மடிப்பின் உயரம், இழைகளின் எண்ணிக்கை, பாக்கெட்டில் எத்தனை டயப்பர் என்று வரிசையாகப் பாருங்கள். எடை குறைந்திருப்பதை மட்டும் வைத்து மோசம் என்று முடிவு கட்டாதீர்கள். பஞ்சு போய் ஜெல் வந்திருக்கலாம்.

அப்புறம் ஊற்றிப் பார்க்க வேண்டும். குழாய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள். ஜெல் சுத்தமான தண்ணீரில் தன் எடையைப்போல் சில நூறு மடங்கு குடிக்கும், உப்பு நீரில் சுமார் 30 மடங்குதான். வெறும் தண்ணீர் ஊற்றினால் எந்த டயப்பரும் சூரப்புலி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் உப்பு, அதாவது தலைதட்டி ஒன்றரை டீஸ்பூன் போட்டுக் கரையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் இன்னும் சரி. டயப்பரை லேசாகக் கிண்ணம் போல வளைத்து வைத்து, 100 மில்லியை நடுவில் ஒரே மூச்சில் ஊற்றுங்கள். மேலே குளம் கட்டி நிற்கிறதா, எத்தனை நொடியில் உள்ளே போகிறது என்று பாருங்கள். ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு 100, பிறகு இன்னொன்று. மூன்றாவது முறை நேரம் மிகவும் நீண்டால், நடுவில் உள்ள ஜெல் உப்பி வழியை அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். சுற்றியிருப்பது காய்ந்தே கிடக்கும். கடைசியாக டிஷ்யூவை வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். டிஷ்யூ எவ்வளவு நனைகிறதோ அவ்வளவு ஈரம் பிள்ளையின் தோலுக்குத் திரும்பி வரும். பழையதிலும் புதிதிலும் இதைச் செய்தால் யாரிடமும் கேட்க வேண்டாம். உறிஞ்சும் பகுதியில் நீளவாக்கில் வாய்க்கால் போல கோடுகள் அழுத்தியிருக்கும் டயப்பர்கள் இந்தச் சோதனையில் நன்றாகத் தேறுகின்றன. சைஸை விட அதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

பஞ்சு கட்டி கட்டியாகிறது, ஜெல் வெளியே வருகிறது

பிள்ளை புரண்டு படுக்கும்போது நனைந்த பஞ்சு நடுவில் பிரிந்து முன்னும் பின்னும் ஒதுங்கிவிடும். டயப்பர் தளர்வாக இருந்தால் இது அதிகம், ஒரு சைஸ் குறைத்துப் பாருங்கள். தோலில் பளபளவென்று ஜெல் மணிகள் ஒட்டியிருந்தால் மேல்தாள் கிழிந்திருக்கிறது. அது விஷமில்லை, பயப்பட வேண்டாம். உலர்ந்த துணியால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கழுவுங்கள். குளியலறைத் தண்ணீரில் அலசினால் அது உப்பிக் குழாயை அடைக்கும்.

பக்க ஓரம் கிழிகிறது

அங்கே நூல் தையல் கிடையாது. ஒட்டி வைத்த ஓரம். காலையில் கழற்ற வசதியாக, இழுத்தால் பிரியும்படிதான் செய்திருக்கிறார்கள். பக்கத்தைப் பிடித்து ஏற்றாமல், முன்பக்கத்தில் ஒரு கை பின்பக்கத்தில் ஒரு கை வைத்து ஏற்றச் சொல்லுங்கள்.

ஈரக் கோடு நிறம் மாறிவிட்டது, டயப்பர் காய்ந்திருக்கிறது

மஞ்சள் கோடு நீலமானால் ஈரம் என்று பொருள். ஆனால் ஜூன் முதல் நவம்பர் வரை மலைக் காற்றிலேயே ஈரம். திறந்து போட்ட பாக்கெட்டில் கோடு தானாகவே நிறம் மாறும், ஜெல்லும் காற்றின் ஈரத்தை இழுக்கும். பாக்கெட்டை மூடியுள்ள டப்பாவில் வையுங்கள், சுவரோடு ஒட்டிய அலமாரியில் வேண்டாம்.

அலாரம் அடிக்கவில்லை

படுக்கை நனைந்தால் ஒலிக்கும் அலாரத்தை டாக்டர் சொல்லிப் பயன்படுத்துகிறவர்களுக்கு மட்டும். சென்சாரை டயப்பரின் வெளியே மாட்டினால் அது எப்படி ஈரத்தைப் பார்க்கும்? உள்ளே பருத்தி ஜட்டி, அதில் சென்சார், அதன்மேல் பேன்ட் டயப்பர். மெத்தையும் தப்பும், அலாரமும் அடிக்கும்.

ஹாஸ்டலுக்குப் போகிற பிள்ளை

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஹாஸ்டல் பள்ளிகள் அதிகம் என்பதால் இந்தக் கேள்வி ஜூன் மாதத்தில் தாழ்ந்த குரலில் வரும். இருட்டில் சத்தம் போடாத துணி வெளிப்புறம் உள்ளதை எடுங்கள். வாங்கும் முன் ஒன்றைக் காதருகே கசக்கிப் பார்த்தாலே தெரியும். கரடிப் பொம்மை, யானைப் பொம்மை அச்சிட்ட குழந்தை டயப்பரைப் பத்து வயதுப் பையனுக்குக் கொடுத்து அனுப்புவது கொடுமை. அளவு இடித்தாலும் பெரியவர்களுக்கான வெற்று வெள்ளை பேன்ட்டே மேல் என்பது என் கருத்து. மேலே அவனுடைய ஜட்டியைப் போட்டுக்கொள்ளலாம். வார்டனிடம் பெற்றோர் நேரில் பேசிவிடுங்கள். பயன்படுத்தியதை எங்கே போடுவது என்பதைப் பிள்ளைக்கு முதல் நாளே காட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் பெட்டியில் ஒளித்து வைப்பதுதான் வழக்கமாக நடக்கிறது.

கடைக்காரனிடம் வரக் கூடாத புகார்கள்

ஐந்து வயதில் சுமார் 15 சதவீதப் பிள்ளைகள் இரவில் நனைக்கிறார்கள். வயது ஏற ஏற தானாகவே குறைகிறது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சிறு வயதில் இருந்திருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம், அதனால் திட்டும் முன் பாட்டியிடம் விசாரியுங்கள். மலச்சிக்கல் இருந்தால் அது சிறுநீர்ப்பையை அழுத்தும். அதைச் சரி செய்தாலே பல பிள்ளைகளுக்கு இரவு ஈரம் குறையும். ஆறு மாதத்துக்கு மேல் காய்ந்திருந்த பிள்ளை திடீரென்று நனைத்தாலும், பகலிலும் நனைத்தாலும், எரிச்சல், காய்ச்சல், பலத்த குறட்டை இருந்தாலும் டாக்டரிடம் போங்கள். தாகம் அடங்காமல் குடித்து, அடிக்கடி சிறுநீர் போய், உடம்பும் மெலிந்தால் அன்றே போங்கள். அது சர்க்கரை நோயாக இருக்கலாம். தராசில் எடுத்த குறிப்பைக் கையோடு கொண்டுபோங்கள். வயதுக் கணக்கில் வந்த அளவை விட மூன்றில் ஒரு பங்கு அதிகமாக இரவுக்கு இரவு வந்தால், அந்தச் சீட்டு டாக்டருக்கு ரொம்ப உதவும். இரவில் சிறுநீர் சுரப்பதைக் குறைக்கும் டெஸ்மோப்ரசின் மாத்திரையை டாக்டர் சீட்டில்லாமல் கேட்காதீர்கள். அது போட்ட இரவில் தண்ணீரை அதிகம் குடித்தால் ஆபத்து.

தோலில் எலாஸ்டிக் பட்ட கோடு மட்டும் சிவந்திருந்தால் இறுக்கம், சைஸ் மாற்றலாம். மடிப்புகளில் அடர் சிவப்பும் சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளிகளும் இருந்தால் பூஞ்சை. பவுடர் கொட்டாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

காலையில் கழற்றியது

சுருட்டி, பக்க ஓரத்தாலேயே இறுக்கி, செய்தித்தாளில் பொதிந்து, தனியாகக் குறியிட்டுத் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். பொதிந்து தர வேண்டும் என்று திடக்கழிவு விதிகளே சொல்கின்றன. எரிக்காதீர்கள், அதில் பாதி பிளாஸ்டிக். கழிவறையில் போடாதீர்கள். எஸ்டேட் லைன் வீடுகளில் வண்டி தினமும் வராது. அதுவரை மூடி இறுக்கும் வாளியில் வீட்டுக்குள்ளேயே வையுங்கள். வாசலில் வைத்தால் குரங்கு பிரித்துத் தேயிலைச் செடி மேலெல்லாம் இறைத்துவிடும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கரடியும் வரும்.